கிரவல் காணியில் விளா: எப்போது, எப்படி நடுவது?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் அரை ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. கிரவல் மண், பாசனம் இல்லை. போன சித்திரையில் விளாங்கன்றுகள் நட்டேன். வாளியால் தண்ணீர் ஊற்றியும் ஆடிக்குள் பெரும்பாலானவை பட்டுவிட்டன. தப்பியதை மாடு கடித்துவிட்டது. இந்த மண்ணுக்கு விளா சரிவராதா?

பதில்: தாராளமாகச் சரிவரும் ஐயா. நட்ட மாதம்தான் பிழையாகிவிட்டது. வன்னிக் காட்டில் விளாவுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? அவை மாரி மழையில் முளைத்து, வறண்ட கச்சான் காற்று தொடங்குமுன் ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கிவிடுகின்றன. சித்திரைக் கன்றுக்கு அந்த அவகாசம் இல்லை. வாளித் தண்ணீரும் மேல்மண்ணை மட்டுமே நனைப்பதால் வேர் மேலேயே நின்றுவிடும்.

ஆவணியிலேயே 3 அடி அகல, ஆழத்தில் குழி வெட்டிவையுங்கள். அடிக் கிரவல் இறுகிக் கிடந்தால் அலவாங்கால் உடைத்தே ஆக வேண்டும், அதில் சோம்பல் கூடாது. அடியில் பொச்சுமட்டையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வைத்து, மேல்மண்ணும் உக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். மரத்துக்கு மரம் 25 முதல் 30 அடி விடுங்கள். ஐப்பசியில் நல்ல மழை விழுந்து மண் ஆழமாக நனைந்ததும் நடலாம்.

உயரமாக நிற்கிறதென்று பழைய கன்றை வாங்காதீர்கள். பையைக் கிழித்துப் பார்த்தால் ஆணிவேர் அடியில் சுருண்டு கிடக்கும், அது பிறகு நேராகாது. என்னைக் கேட்டால், நல்ல இனிப்பான பழத்தின் விதையைச் சதை போகக் கழுவி, குழியிலேயே மூன்று நான்கு போடுவதுதான் நல்லது. இரண்டு மூன்று கிழமையில் முளைக்கும். வலுவானதை மட்டும் விடுங்கள். விதைமரம் காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும் என்பதால், தண்டு பென்சில் பருமன் வந்ததும் நின்ற இடத்திலேயே அரும்பொட்டுச் செய்துகொள்ளுங்கள், அதாவது காய்க்கிற நல்ல மரத்தின் அரும்பை எடுத்து அதில் ஒட்டுங்கள். நேரத்தோடு காய்க்கும்.

இளந்தளிரில் குருவி எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் கிட்டப்போய்ப் பாருங்கள், பெரும்பாலும் எலுமிச்சையில் வருகிற அதே பட்டாம்பூச்சிப் புழுதான். விளாவும் எலுமிச்சைக் குடும்பம். வளர்ந்தால் பச்சையாகி இலையை மொட்டையடித்துவிடும். மருந்து வேண்டாம், கையால் பொறுக்கினால் போதும்.

விளா முள்மரம்தான், ஆனால் சின்னக் கன்றின் முள் மாட்டைத் தடுக்காது. இரண்டு மாரி கழியும்வரை சுற்றிவர முள்ளுக்கொப்பு அடையுங்கள்.

அப்புறம், உங்கள் பக்கம் யானை நடமாட்டம் இருந்தால் வீட்டோரம் விளா வேண்டவே வேண்டாம். பழத்தை ஓட்டோடு விழுங்கத் தேடி வரும். வீட்டுக்கும் கிணற்றடிக்கும் எட்ட நட்டு, விழுகிற பழத்தை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.