ரயில் பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட் போதுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் மடிப்பாக்கம் குடியிருப்பில் லிஃப்டில் ஏறுகிறவர்களில் ஒருவர் ஜப்பான் என்கிறார், இன்னொருவர் சுவிட்சர்லாந்து என்கிறார். ரிசர்வேஷன் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எல்லோரும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். ரயில்வேயில் இருந்தவனுக்குப் பாஸ் என்றால் ஓசிப் பயணம்தான். காசு கொடுத்துப் பாஸ் வாங்குவது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. போன ஞாயிறு சங்கக் கூடத்தில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பி பிளாக், மூன்றாம் மாடி: நாங்க ரெண்டு பேரு, பொண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 4. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா பார்த்துட்டு திரும்ப டோக்கியோ வந்து ஃப்ளைட். ஜே.ஆர். பாஸ் இல்லாம ஜப்பான் போகவே கூடாதுன்னு என் மச்சினர் சொல்றார். வாங்கிடட்டுமா சார்?

ஜே.ஆர். பாஸ் என்பது ஒரே தடவை காசு கட்டி, குறித்த நாள் வரை ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) வண்டிகளில் ஏறி இறங்கும் சீட்டு. மச்சினர் எந்த வருடம் போனார் என்று முதலில் கேளுங்கள். 2023 அக்டோபருக்கு முன்னால் போயிருந்தால் அவர் சொன்னது சரி. அப்போது 7 நாள் சாதாரண பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே அந்தக் காசு ஏறக்குறைய வந்துவிடும். அந்த அக்டோபரில் அதே பாஸை 50,000 ஆக்கிவிட்டார்கள். விலை ஏறியது, அறிவுரை மட்டும் பழைய விலையிலேயே ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பயணத்தை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் 14,000 யென் சொச்சம். கியோட்டோ–ஒசாகா சாதாரண ரயிலில் 580. ஒசாகா–டோக்கியோ 14,700 சொச்சம். ஆக ஒரு பெரியவருக்கு 29,400 யென். பெண்ணுக்குப் பாதிக் கட்டணம், பாஸிலும் டிக்கெட்டிலும் 6 முதல் 11 வயது வரை பாதிதான். பையன் 6 வயதுக்குக் கீழே, மடியில் வைத்துக்கொண்டால் கட்டணமே இல்லை. தனி இருக்கை வேண்டுமென்றால் அவனுக்கும் அரை டிக்கெட். மடியோடு கணக்குப் போட்டால் குடும்பத்துக்கு இரண்டரை டிக்கெட். பாஸ் என்றால் 1,25,000 யென், தனி டிக்கெட் என்றால் 73,500. வித்தியாசம் நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். வாங்காதீர்கள்.

அதே வீடு, பின்னாலிருந்து: ஹிரோஷிமாவும் சேர்த்தா?

இது நல்ல கேள்வி, கணக்கு இங்கேதான் தடுமாறும். ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போய்வர ஆளுக்கு 21,000 யென் போல ஆகும். 29,400-உடன் கூட்டினால் பாஸ் விலையைத் தொட்டுவிடுகிறது. உடனே பாஸ் என்று பாய வேண்டாம். முதல் ஷின்கான்சென்னிலிருந்து கடைசி ஷின்கான்சென் வரை எல்லாம் தொடர்ந்த 7 நாளுக்குள் அடங்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் தள்ளிப்போனால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

அந்த வட்டாரத்துக்கு மட்டுமே கன்சாய்–ஹிரோஷிமா பாஸ் என்று ஒன்று இருக்கிறது. 5 நாளுக்கு 17,000 யென், 2023 அக்டோபரிலிருந்து அந்த விலை. கியோட்டோ, நாரா, ஹிமேஜி எல்லாம் அதில் வரும், ஒசாகா–ஹிரோஷிமா நோசோமி என்ற வேக ஷின்கான்சென்னிலும் ஏறலாம், மியாஜிமா தீவுக்கு ஜே.ஆர். படகும் சேர்த்தி. அதை எடுத்துக்கொண்டு டோக்கியோ போக, வர மட்டும் தனி டிக்கெட் வாங்கினால் ஆளுக்கு 46,000-க்குள் முடியும். நாரா, ஹிமேஜிக்குத் தனிச் செலவும் இல்லை. கிளம்பும் முன் விலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பாஸ்களின் விலை ஏறியிருக்கிறதே தவிர, இறங்கி நான் பார்த்ததில்லை.

ஏ பிளாக்: பாஸ் இருந்தா எந்த ரயில்லயும் ஏறலாமா? டோக்கியோ மெட்ரோல?

மெட்ரோவில் செல்லாது. தனியார் ரயில்களிலும் செல்லாது. ஜே.ஆர். தடத்தில் மட்டும்தான். ஊருக்குள் சுயிகா போன்ற அட்டையில் பணம் போட்டுக்கொண்டு தட்டிப் போவதுதான் எல்லோரும் செய்வது. வேகமான நோசோமியில் நாடு முழுவதுக்குமான பாஸோடு ஏறினால் மேலே காசு கட்ட வேண்டும். டோக்கியோ–கியோட்டோவுக்கு அது 4,960 யென். ஹிகாரி என்ற அடுத்த ரக ஷின்கான்சென்னில் போனால் கூடுதல் கிடையாது, நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சி பிளாக், ஒரு அம்மா: பெட்டிக்குத் தனி டிக்கெட் வேணுமாமே? நாங்க மூணு பெரிய பெட்டி கொண்டுபோவோம், சாப்பாட்டுச் சாமானே ஒண்ணு.

டிக்கெட் இல்லை, இடம் பதிவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டிக்கு டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென்னில் பின்வரிசை இருக்கையோடு சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். இன்னொரு வழி, ஓட்டலிலேயே பெட்டியைக் கொடுத்து அடுத்த ஊர் ஓட்டலுக்கு அனுப்பிவிடுவது. பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். புளிக்காய்ச்சல் பாட்டிலை மட்டும் அதில் வைக்காதீர்கள், அன்று ராத்திரியே தேடுவீர்கள்.

டி பிளாக், மாமா: என் மகன் யோகோஹாமால வேலை பார்க்கறான். அவனுக்கும் சேர்த்து எடுக்கலாமா?

முடியாது. குறுகிய காலப் பயணி என்று பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை உள்ளவர்களுக்குத்தான் அது. வேலை விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. நீங்களும் மாமியும் வாங்கினாலும் மகனுக்கு முழு டிக்கெட்தான்.

பி பிளாக், தரைத்தளம்: சுவிட்சர்லாந்து, 6 நாள். பசங்களுக்கு 8, 13. மாமியாரும் வர்றாங்க. சீனியர் சலுகை உண்டா?

மாமியாருக்குச் சலுகை இல்லை, சுவிஸ் டிராவல் பாஸில் மூத்த குடிமக்கள் விலை என்று ஒன்றே கிடையாது. பிள்ளைகள் விஷயத்தில்தான் அந்த ஊர் தாராளம். பெற்றோரில் ஒருவர் பாஸ் வைத்திருந்தால் 6 முதல் 15 வயது வரை ‘சுவிஸ் ஃபேமிலி கார்டு’ என்ற குடும்ப அட்டை இலவசம், பிள்ளைகளுக்குக் காசே இல்லை. ஆனால் அது பெற்றோரோடு போகும்போது மட்டும். நீங்கள் அறையில் தூங்க, மாமியார் பேரப்பிள்ளைகளைப் படகில் கூட்டிப்போனால் அந்தச் சலுகை செல்லாது.

பாஸா, ஒவ்வொரு டிக்கெட்டையும் பாதி விலையில் வாங்க உதவும் பாதிக் கட்டண அட்டையா என்பதை நீங்கள் ஏறப்போகும் மலைதான் தீர்மானிக்கும். தினம் ஒரு ஊர், படகு, அருங்காட்சியகம், ரீகி மலை என்று சுற்றுபவருக்குப் பாஸ் லாபம், ரீகி ரயில் அதிலேயே அடங்கும். ஆனால் பனிமலை மேலே இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் போகத்தான் நம்மவர்கள் அங்கே போகிறார்கள். பாஸ் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதம் மட்டுமே தள்ளுபடி. பாதிக் கட்டண அட்டையில் அந்த மலைக்கே 50 சதவீதம். இன்டர்லாக்கனில் ஒரே அறையில் தங்கி, இரண்டு மூன்று மலை மட்டும் ஏறுவதாக இருந்தால் நான் அட்டையைத்தான் சொல்வேன். குடும்ப அட்டை அதோடும் கிடைக்கும்.

ஈ பிளாக்: பாரிஸ், சூரிச், வெனிஸ், ரோம். யூரெயில் பாஸ் எடுத்தா ஏறி உட்கார வேண்டியதுதானே?

யூரெயில் என்பது ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ். எனக்கும் ஒரு முகவர் இதையேதான் சொன்னார். "ஏறி உட்கார வேண்டியதுதான் சார்." நம்பி, மகன் குடும்பத்தோடு ஒரு மாதத்தில் 5 நாள் பயணம் செய்யும் பாஸ் எடுத்தோம். பேரனுக்கு 7 வயது. 4 முதல் 11 வரை பெரியவரோடு போனால் பாஸ் இலவசம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். பாரிஸில் கவுன்டருக்குப் போனால், அதிவேக ரயிலுக்கு ஒவ்வொருவரும் தனியாக இருக்கைப் பதிவுக் காசு கட்ட வேண்டும் என்றார்கள், பேரனும் சேர்த்துத்தான். அதுவும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கை கொஞ்சம்தான், நாங்கள் கேட்ட வண்டியில் தீர்ந்துவிட்டது. முப்பது வருடம் அடுத்தவருக்கு "வெயிட்டிங் லிஸ்ட்" என்று சொன்ன வாய், அன்றைக்கு அந்தப் பக்கம் நின்றது.

வெனிஸில் பேரனுக்குக் காய்ச்சல். 5 நாளில் 3 நாள்தான் பயன்பட்டது, மீதி இரண்டு அப்படியே மடிப்பாக்கம் வந்து சேர்ந்தது. பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களுக்குச் சில மாதம் முன்பே தனி டிக்கெட் எடுத்தால் விலை நன்றாகக் குறையும். உங்கள் நாலு ஊருக்கு மூன்றே பயணம், தேதியும் முடிவாகிவிட்டது. தனி டிக்கெட் எடுங்கள். ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கம் பல ரயிலில் பதிவில்லாமல் ஏறலாம், அங்கே நாளுக்கு ஒரு ஊராக அலைபவருக்குப் பாஸ் சரி.

ஏ பிளாக், பெரியவர்: வெளிநாடெல்லாம் வேணாம். காசி, கயா, பிரயாக்ராஜ், புரி. நம்ம ஊர்ல இப்படி ஒரு பாஸ் கிடையாதா?

இன்டிரெயில் பாஸ் என்று ஒன்று இருந்தது, அது வெளிநாட்டவருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும், இப்போது அதுவும் இல்லை. உங்களுக்குப் பொருந்துவது சுற்றுப் பயணச் சீட்டு. சென்னையில் புறப்பட்டு, சுற்றிவிட்டு, சென்னையிலேயே முடிய வேண்டும். நடுவில் 8 இடம் வரை இறங்கலாம். நம் கட்டணத்தில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகும் காசு குறையும். ஒவ்வொரு ஊருக்கும் துண்டு துண்டாக எடுத்தால் அந்த லாபம் போய்விடும், ஒரே சீட்டாக எடுத்தால் கிடைக்கும். வழித்தடத்தை எழுதிக்கொண்டு கவுன்டருக்கு நேரில் போக வேண்டும். கூட்டமில்லாத நேரம் போங்கள், எழுதுகிற ஊழியருக்கு அது அரை மணி வேலை.

சீட்டு கையில் இருந்தால் பெர்த் கிடைத்த மாதிரி இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் முன்பதிவு தனியாகச் செய்ய வேண்டும், அது 60 நாள் முன்னால்தான் திறக்கும். பேரக்குழந்தைக்கு 5 வயதாகி, 12 ஆகாமல் இருந்து, தனி பெர்த் கேட்டால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். பெர்த் வேண்டாமென்றால் பாதி. ஒரு ராத்திரிதானே, பாட்டி பக்கத்தில் படுத்துக்கொள்வான் என்று பாதி டிக்கெட் எடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டிதான் பிறகு விடிய விடிய உட்கார்ந்து வருவார்.