முன்வரிசையில் ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

பதினொரு வருடமாக வேறொரு நாட்டில் வாழ்கிறேன். வந்த இரண்டாம் வருடம் இங்குள்ள ஒரு ராக் குழுவின் பாட்டு மனதில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் எங்கே பாடினாலும் போய்விடுவேன். அந்தக் கூட்டத்தில் மட்டும்தான் யாரும் என்னை ‘எந்த நாடு?’ என்று கேட்டதில்லை. வயதான ரசிகர் ஒருவர் ஒவ்வொரு முறையும் எனக்காக முன்வரிசையில் இடம் பிடித்து வைப்பார். என் மொழிக்காரர்களோ ‘நம்ம பாட்டெல்லாம் மறந்துபோச்சா?’ என்று குத்திக்காட்டுகிறார்கள். போன மாதம் அந்தக் குழுவின் பாடகர், என்னைப் போல வந்தவர்களால்தான் நாடு கெட்டது என்று பேட்டி கொடுத்துவிட்டார். அவர்கள் படம் போட்ட சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இத்தனை வருடம் சொந்தம் என்று நான் நினைத்தது வெறும் பிரமைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். அந்தச் சட்டையை மடித்து வைத்த வரி என்னை விடவில்லை.

முதலில் உங்கள் மொழிக்காரர்கள் சொன்னது. அதற்காக அதிகம் வருந்தாதீர்கள். இசைத்தட்டுகளைச் சுழற்றி ஆட வைக்கும் டி.ஜே. கூல் ஹெர்க் 1967இல், பன்னிரண்டு வயதில், ஜமைக்காவிலிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸுக்கு வந்தவர். 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கையோடு சேர்ந்து அவர் நடத்திய விருந்தைத்தான் ஹிப் ஹாப் பிறந்த இடமாகச் சொல்கிறார்கள். அங்கே ஜமைக்காவின் ரெக்கே இசையைப் போட்டால் யாரும் ஆடவில்லை. சரி என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பிடித்த ஃபங்க் இசைக்கு மாறினார். ஆனால் ஆளுயர ஒலிபெருக்கிகளும், பாட்டின் மேல் மைக்கில் பேசும் வழக்கமும் ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் அவர் பார்த்து வளர்ந்தவை. பிறந்த ஊரின் பாட்டை விட்டார், கேட்கும் முறையை விடவில்லை. நீங்களும் எதையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பாடகர் விஷயம் அப்படி எளிதில் தீராது.

உங்களைப் போலவே அடிபட்ட ஒரு ரசிகர் கூட்டம் லாஸ் ஏஞ்சலஸில் உண்டு. மொரிஸ்ஸி, எண்பதுகளில் மான்செஸ்டரில் தி ஸ்மித்ஸ் குழுவில் பாடியவர். அவருக்கு அங்கே மெக்சிகோ வழிவந்த ரசிகர்கள் ஏராளம். பாய்ல் ஹைட்ஸ் பகுதியில் அவர் பாடல்களை மட்டுமே பாடும் கரோக்கி இரவுகள்கூட நடந்திருக்கின்றன. கடல் தாண்டிய ஒரு வெள்ளைக்காரரின் குரல் இவர்களுக்கு ஏன் இவ்வளவு நெருக்கம் என்று பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. மொரிஸ்ஸியின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்தவர்கள். வீட்டுக்குள் ஒரு நாடு, வாசலுக்கு வெளியே இன்னொரு நாடு என்று வளர்ந்த பிள்ளையின் குரலை, அதே போல வளர்ந்த பிள்ளைகள் கண்டுகொண்டார்கள்.

அதே மொரிஸ்ஸி 2018இல் ‘ஃபார் பிரிட்டன்’ என்ற தீவிர வலதுசாரிக் கட்சிக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். மறு வருடம் அதன் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினார். குடியேறியவர்களின் மகன் அவர். சில ரசிகர்கள் அதோடு விலகினார்கள், சிலர் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரு தரப்பையும் நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மேடையில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசினார். அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையால் பேர் பெற்றவர் அவர். இரண்டு வருடம் முன்புதான் ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லியின் பாட்டொன்றைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தார். ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் நண்பர்களும் இசை வார இதழ்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உன் இசையில் பாதி கறுப்பர்களுடையது, அதை ஒத்துக்கொள் என்று கிளாப்டனைக் கேட்ட கடிதம். இதை எதிர்க்க எங்களோடு சேருங்கள் என்று வாசகர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. அதிலிருந்து எழுந்ததுதான் ‘ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்’ (இனவெறிக்கு எதிராக ராக்) இயக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று பல்லாயிரம் பேர் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை நடந்து போய்க் கச்சேரி கேட்டார்கள். அங்கே பாடிய ஸ்டீல் பல்ஸ் குழு எந்த ஊர் தெரியுமா? அதே பர்மிங்ஹாம். கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கணக்கைத் தவறான ஆளிடம் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. பாடகருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. அவர் உங்களுக்கு எந்த இடமும் கொடுக்கவில்லை, அதனால் பறிக்கவும் முடியாது. ‘எந்த நாடு?’ என்று கேட்காமல் இருந்தவர்கள் கூட்டத்தில் நின்றவர்கள். நானும் சில வருடம் வேறு நாட்டில் வேலை செய்தவன். அந்தக் கேள்வி கெட்ட கேள்வி இல்லை, ஆனால் தினமும் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் ஆள் களைத்துப்போவான். அது கேட்கப்படாத இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அரங்கத்துக்கு வெளியே அது உங்களுக்கு வேலையோ குடியுரிமையோ வாங்கித் தராது, உண்மைதான். அதனால் அது பிரமை ஆகிவிடுமா?

ஆனால் ஒன்று. அந்தப் பேட்டிக்கு அப்புறம் கூட்டம் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். பாடகரை நியாயப்படுத்தி உங்கள் முகத்துக்கு நேரே பேசுகிறார்கள் என்றால், நீங்கள் விலகுவதே சரி. அதை அறையில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

உங்களுக்கு இடம் பிடித்து வைக்கும் அந்தப் பெரியவர் பேட்டியைப் படித்தாரா? போன மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.