பதில்: பாட்டியும் பேரக்குழந்தையும் சேர்ந்து போக எந்தக் கப்பல்?

வணக்கம். மூட்டு வலியால் சக்கர நாற்காலியில் வரும் அம்மா, ஒன்றரை வயதுக் குழந்தை, நடுவில் கல்லூரிப் பிள்ளைகள் என எட்டுப் பேர். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பல் பெயரை விடுங்கள், அது எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

மலேசியாவின் பினாங்கில் கப்பலை ஜார்ஜ் டவுன் நகரத் துறையிலேயே கட்டுவார்கள், இறங்கினால் ஊர். தாய்லாந்தின் புக்கெட்டில் படோங் கடற்கரைப் பக்கம் என்றால் பெரும்பாலும் கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஆடுகிற படகுக்குள் அம்மா கால் எடுத்து வைக்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் நாற்காலியை ஏற்ற மறுக்கவும் கூடும். என் ஓட்டு பினாங்கு மட்டும் போய்வரும் மூன்று இரவுப் பயணத்துக்குத்தான். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை, கப்பலிலேயே அவர்களுக்குப் பொழுது போய்விடும்.

சாதாரண அறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைவது சந்தேகம். அகலக் கதவும் குளியலறையில் கைப்பிடியும் உள்ள அறைகள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான். அது கிடைத்த பிறகு மற்ற அறைகளைப் பாருங்கள். நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு.

டயப்பர் போட்ட குழந்தையைப் பொதுவாக நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள், தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக் கூடியதா என்று சரிபாருங்கள். கப்பலில் போய்த் திரும்புவதும் மறுபடி நுழைவதாகத்தான் கணக்கு.