முதல் ஸ்கேட்ஸ் எது வாங்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். ஒரே வரிசையில வீல் இருக்கற இன்லைன் ஸ்கேட்ஸ் முதல்முறையா வாங்கறோம், எதப் பாத்து வாங்கறதுன்னு. அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு. பையன் ஸ்கேட்டிங் கத்துக்கறத ஓரமா உக்காந்து பாத்துப் பாத்து இப்ப எனக்கே ஆசை வந்துடுச்சு, சிரிக்காதீங்க. ஆனா வாங்கலாம்னு தேடினா மூணு வீல், நாலு வீல், 80, 90, 110, ஹார்ட் பூட், சாஃப்ட் பூட்னு தலை சுத்துது. ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்களேன்.

சிரிக்கவே மாட்டேன், நான் முதல்முறையா மாட்டினப்ப எனக்கு 36. ஒரே ஒரு பதில்தான் வேணும்னா, எந்த பூட் உங்க கால கெட்டியா புடிச்சுக்குதோ அது. வீல், அத பூட்டோட சேத்துப் புடிக்கற ஃப்ரேம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். செருப்பு நம்பரப் பாத்துட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு சைஸ் பெருசாவே எடுத்துட்டேன், மாட்டினா மெத்தை மாதிரி சுகமா இருந்துச்சு, எழுந்து நின்னா ரெண்டு கணுக்காலும் உள்பக்கமா சாஞ்சுக்கிட்டே போச்சு. சரி நமக்குக் கணுக்கால்ல பலம் இல்ல போலன்னு நானே முடிவு பண்ணி ரெண்டு மாசம் கணுக்கால் எக்சர்சைஸ் எல்லாம் பண்ணேன். ஒருநாள் தோழியோட ஜோடிய சும்மா மாட்டிப் பாத்தேன், என் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு, நேரா நின்னுட்டேன். கணுக்கால் மேல அநியாயமா பழி போட்டிருக்கேன். "எனக்குக் கால் மடங்குது"ன்னு எழுதியிருக்கற மத்த வாசகர்களும் முதல்ல பூட் தொளதொளன்னு இருக்கான்னு பாருங்க.

அளவு எடுக்கறது இப்படி. சுவத்துல குதிகால ஒட்டி வெச்சு நில்லுங்க, உக்காந்துக்கிட்டு எடுக்காதீங்க, உடம்பு எடை இறங்கும்போதுதான் பாதம் முழுசா நீளும். தரையில ஒரு பேப்பர் போட்டு நீளமான விரல் நுனியில கோடு போட்டு அளந்துக்குங்க. சாயங்காலமா எடுங்க, நாள் முழுக்க நடந்ததுல பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ரெண்டு காலையும் அளக்கணும், பெருசா இருக்கற கால்தான் கணக்கு. நிறைய கம்பெனிங்க சைஸ் சார்ட்ல செருப்பு நம்பரோட சென்டிமீட்டரோ மில்லிமீட்டரோ போட்டிருப்பாங்க, 24.5 சென்டிமீட்டர் பாதம்னா 245ன்னு. அந்தக் கணக்கத்தான் நம்பணும், செருப்பு நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மாட்டிப் பாக்கும்போது குதிகால தரையில ரெண்டு தட்டு தட்டி பின்னாடி தள்ளி உக்கார வெச்சுட்டு அப்புறம் பக்கிள் போடுங்க. நேரா நின்னா கட்டைவிரல் முன்னாடி லேசா தொடணும், முட்டிய மடக்கினா அந்த விரல் பின்வாங்கி விடுபட்டுடணும், குதிகால் மேல எழும்பவே கூடாது. இப்படி 15 நிமிஷமாவது நின்னு பாருங்க, உடனே கழட்டிடாதீங்க. மொத்தமா இறுக்கமா இருந்தா பயப்பட வேணாம், உள்ள இருக்கற மெத்தை மாதிரியான லைனர் போகப்போக அமுங்கி இடம் கொடுக்கும். ஒரே ஒரு இடத்துல சுருக்குன்னு குத்தினா, அது எலும்பு துருத்தற இடமா இருந்தா, அந்த மாடல் உங்களுக்கு ஆகாது, எவ்வளவு அழகா இருந்தாலும் கீழ வெச்சுடுங்க.

மத்ததெல்லாம் சீக்கிரமா சொல்லிடறேன். வீல் நாலு, அதோட விட்டம் 80 மில்லிமீட்டர் இல்லன்னா அதுக்குக் கிட்டக்க. மூணு வீல் 110 கரடுமுரடான ரோட்டுல வழுக்கிக்கிட்டுப் போகும், நல்லாத்தான் இருக்கும், ஆனா நீங்க நிக்கற உயரமும் ஏறிடும், வேகமும் ஏறிடும், நிறுத்தத் தெரியாத ஆளுக்கு ரெண்டுமே வேணாம். வீல் மேல 82ஏ, 85ஏன்னு போட்டிருக்கும், அது கெட்டித்தன்மை. நம்பர் குறைய குறைய வீல் மெத்துனு இருக்கும், தரையோட அதிர்வு காலுக்கு ஏறாது, ஆனா சீக்கிரம் தேயும். ரோட்டுல ஓட்ட ஆரம்பிக்கறவங்களுக்கு இந்த 82லேர்ந்து 85க்குள்ள போதும். பூட்ல என் ஓட்டு, வெளிய கெட்டியான பிளாஸ்டிக் ஓடு இருக்கற ஹார்ட் பூட்டுக்குத்தான், கணுக்கால நிமிர்த்திப் புடிக்கும், நிறைய மாடல்ல லைனரக் கழட்டி அலசிக் காய வெச்சுக்கலாம். சாஃப்ட் பூட் லேசா, காத்தோட்டமா இருக்கும், அதுலயும் கணுக்காலச் சுத்திப் புடிக்கற கெட்டியான பட்டை (கஃப்) இருக்கறதா பாத்து எடுத்தா தப்பில்ல. கணுக்காலுக்குக் கீழயே முடியற ஸ்பீடு பூட் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க.

கேள்வி: கொஞ்சம் பெருசா வாங்கி ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டா என்ன?

வேணாம். சாக்ஸுக்குள்ள சாக்ஸ் வழுக்கும், கொப்புளம் வரும், பூட் ஒரு பக்கம் திரும்பும் கால் ஒரு பக்கம் திரும்பும். கணுக்காலுக்கு மேல வர்ற மாதிரி உயரமா மெல்லிசா ஒரு சாக்ஸ், அவ்வளவுதான்.

கேள்வி: ஏபெக் 9 பேரிங் போட்ட ஸ்கேட்ஸ் ஏபெக் 5 விட எவ்வளவு வேகமா போகும்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் 9தான் வாங்கணும்ங்கறாங்க. – கல்லூரி மாணவர்

தம்பி, அந்த நம்பர் வேகத்தோட நம்பரே இல்ல. வீல் நடுவுல உக்காந்து அத சுத்த வைக்கற பேரிங்க எவ்வளவு துல்லியமா செஞ்சிருக்காங்கன்னு சொல்ற அளவு அது, 1, 3, 5, 7, 9ன்னு போகும். நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுத்து சுத்தற மெஷினுக்கு அந்தத் துல்லியம் தேவைப்படும். உங்க 80 மில்லிமீட்டர் வீல் ஒரு சுத்துக்கு கால் மீட்டர் போகும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினாக்கூட நிமிஷத்துக்கு சுமார் 1,300 சுத்துதான். இதுல 5க்கும் 9க்கும் உங்க காலுக்கு வித்தியாசம் தெரியப் போறதில்ல.

கடையில வீல கையால சுத்திவிட்டு "பாருங்க நிக்கவே மாட்டேங்குது"ன்னு காட்டுவாங்க, அதுக்கும் மயங்காதீங்க. புது பேரிங்ல கிரீஸ் இருக்கும், கையில சுத்தும்போது மந்தமாத்தான் தெரியும், ஆளு ஏறி நின்னு ஓட்டினா சரியாயிடும். வீலுக்கு ரெண்டு பேரிங், ஆக ஒரு ஜோடிக்கு 16. பெரும்பாலும் எல்லாமே 608ங்கற ஒரே அளவு, பின்னாடி எப்ப வேணா மாத்திக்கலாம். பூட்ட அப்படி மாத்த முடியாது. ஃப்ரெண்ட்ஸ் பேச்சக் கேட்டு 9க்குக் கொடுக்கற காச பூட்ல போடுங்க. தண்ணி தேங்கின இடத்துல ஓட்டினீங்கன்னா 9ஆ இருந்தாலும் துரு புடிக்கும்.

கேள்வி: கடைக்காரர் "பிரேக் எல்லாம் சின்னப் பசங்களுக்குத்தான், கழட்டித் தந்துடறேன், ஸ்டைலா இருக்கும்"னு சொல்றாரு. கழட்டலாமா?

கழட்டாதீங்க. 1760கள்ல லண்டன்ல ஜோசப் மெர்லின்னு ஒருத்தர், கால்ல சக்கரம் மாட்டிக்கிட்டு வயலின் வாசிச்சபடியே விருந்துக்குள்ள வந்தாராம், திருப்பவும் தெரியல நிறுத்தவும் வழியில்ல, நேரா போய் விலை உயர்ந்த ஒரு பெரிய கண்ணாடியில மோதினாராம், கண்ணாடியும் போச்சு வயலினும் போச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. அவருக்குப் பிரேக் இல்ல, உங்களுக்கு இருக்கு.

பொதுவா வலது ஸ்கேட்ஸ்ல குதிகாலுக்குப் பின்னாடி அந்த ரப்பர் கட்டை இருக்கும், இடது கால் வசதின்னா பல மாடல்ல மாத்திக்கவும் முடியும். பிரேக் இருக்கற கால முன்னாடி நீட்டி, நாற்காலியில உக்காரப் போற மாதிரி இறங்கி, கால்விரல் பக்கத்த மேல தூக்கினா கட்டை தரையில உரசும். பின்னங்கால இழுத்து நிறுத்தற டி-ஸ்டாப் எல்லாம் அப்புறம் தானா வரும், அதுல வீல் தேயும், ரப்பர் தேஞ்சா புதுசு போட்டுக்கறது சுலபம்.

கேள்வி: எட்டு வயசுப் பொண்ணு. கால் வளந்துக்கிட்டே இருக்கு. வருஷா வருஷம் வாங்க முடியுமா?

முடியாதுன்னுதான் சைஸ் நீட்டற மாடல் இருக்கு, ஒரே ஸ்கேட்ஸ் மூணு நாலு சைஸ் வரைக்கும் வரும். பெரும்பாலும் நீளம்தான் கூடும், அகலம் அப்படியே இருக்கும், அதனால பாதம் அகலமான பிள்ளைன்னா சின்ன சைஸ்ல வெச்சு மாட்டிப் பாத்தா மட்டும் போதாது. வீல் பாலியூரித்தேனான்னு கேளுங்க. பொம்மைக் கடையில வர்ற வெறும் பிளாஸ்டிக் வீல் கடகடன்னு சத்தம் போடும், வழுக்கும், பிள்ளை தனக்கு வரலன்னு நெனச்சு விட்டுடும்.

கேள்வி: மாமா 20 வருஷத்துக்கு முன்னாடி வாங்கி ரெண்டே தடவை ஓட்டின ஸ்கேட்ஸ் பெட்டியோட இருக்கு. எனக்கு அளவும் சரியா இருக்கு. ஓட்டலாமா?

மாமா ஓட்டாதது பிரச்சனையே இல்ல, வயசுதான் பிரச்சனை. பல பழைய பூட், வீல்ல இருக்கற பிளாஸ்டிக்கும் பாலியூரித்தேனும் சும்மா பெட்டியில கிடந்தாலும் வருஷக்கணக்குல நொறுங்க ஆரம்பிச்சுடும், வெளிய பாக்க புதுசு மாதிரியே இருக்கும், ஏறி நின்னு ஓட்டும்போது அப்பளமா உடையும். 20 வருஷம்னா நான் ஓட்ட மாட்டேன். ரெண்டு மூணு வருஷம் ஓட்டின ஜோடி கிடைச்சா தாராளமா வாங்குங்க, பூட்டும் ஃப்ரேமும் சேர்ற இடத்துல விரிசல் இல்லாம இருக்கணும். வீல் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா அதுக்காக வேணாங்காதீங்க, முதல் வீல மூணாவது இடத்துக்கும் ரெண்டாவத நாலாவதுக்கும் மாத்தி, அடுத்த கால் ஸ்கேட்ஸுக்குத் தேஞ்ச பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

கேள்வி: ஹெல்மெட், முட்டி பேடு, முழங்கை பேடு, கைக்கு ரிஸ்ட் கார்டுன்னு லிஸ்ட் நீளமா இருக்கு. பட்ஜெட் ஸ்கேட்ஸோட முடிஞ்சுடுது. எத முதல்ல வாங்கறது?

ஸ்கேட்ஸ ஒரு படி கீழ இறக்கிட்டு நாலையும் வாங்குங்க. அதுவும் முடியாதுன்னா ஹெல்மெட்டும் ரிஸ்ட் கார்டும் இல்லாம ஏறாதீங்க. விழும்போது கை தானா முன்னாடி போகும், யோசிச்சு நிறுத்தவே முடியாது, ஸ்கேட்டிங்ல அதிகமா உடையறதும் மணிக்கட்டுதான். உள்ளங்கைப் பக்கம் கெட்டியான பிளேட் இருக்கற ரிஸ்ட் கார்டா பாத்து வாங்குங்க, அதுதான் தரையில சறுக்கிக்கிட்டுப் போய் மணிக்கட்டு பின்னாடி மடங்காம காப்பாத்தும். துணியில வெறும் பட்டை மாதிரி வர்றது சுளுக்குக்குப் போடறது, அது இதுக்கு உதவாது. முட்டி பேடு அடுத்த மாசம் வாங்கறதா இருந்தா அதுவரைக்கும் புல்தரையில நின்னு நடந்து பழகுங்க, வீல் அங்க உருளாது.