பூச்சி மருந்து அண்ணாச்சி பதில்கள்

கேள்வி (பேட்டை வாசகர்): அண்ணாச்சி, சாஃப்ட்வேர்ல தப்பு வந்தா 'பக்'னு சொல்லுதாவளே, நெசமாவே பூச்சியா?

ஒரு தடவ நெசப் பூச்சியேதான்வே. 1947 செப்டம்பர் 9, அமெரிக்காவுல ஹார்வர்ட் மார்க் 2ன்னு ஒரு கம்ப்யூட்டரு, அதோட ரிலேக்குள்ள (கரண்டுல தானா தொறந்து மூடுத சுவிட்சு) அந்துப்பூச்சி சிக்கிக் கெடந்துருக்கு, எடுத்து நோட்டுல டேப் போட்டு ஒட்டி வச்சிட்டாவ. ஆனா பேரு அதுக்கு முந்தியே உண்டு, எடிசன் 1878லயே எழுதியிருக்காரு. நம்மூரா இருந்தா யூபிஎஸ்ஸுக்குள்ள பல்லி செத்துக் கெடந்தா நோட்டா தேடுவோம், பல்லி விழுந்த பலன்லா பாப்போம்!

கேள்வி (வண்ணார்பேட்டை வாசகர்): ஊரு தப்பெல்லாம் சொல்லுதீரே, நீரு பண்ணின கூத்து ஒண்ணு சொல்லும்வே.

கேட்டுட்டீரா. பாளையங்கோட்டையில மாமாவோட பலசரக்குக் கடைக்கு ஓசியில பில்லிங் எழுதிக் குடுத்தேன், ஜாவாஸ்கிரிப்ட்ங்குத கம்ப்யூட்டர் மொழியில. மொத நாளே ஒரு ஆச்சி வந்து அஞ்சு கிலோ பொன்னி கேட்டா, மாமா 5 அடிச்சாரு, அப்புறம் ஆச்சி 'பேரன் பேத்தியெல்லாம் வாராவ, இன்னும் மூணு சேத்துப் போடு'ன்னா, மாமா 3 அடிச்சு 'சேர்' பட்டனை அமுக்கினாரு, பில்லு சர்ருன்னு வெளிய வருது, 53 கிலோ! 'ஏலே, எம்பேரனுக்கு என்ன காதுகுத்தா வைக்கேன்?'ன்னு ஆச்சி ஏச ஆரம்பிச்சிட்டா. விசயம் என்னன்னா, கட்டத்துக்குள்ள அடிக்கிற 5ம் 3ம் அதுக்கு நம்பர் இல்ல, எழுத்து. எழுத்துக்கு நடுவுல பிளஸ் போட்டா அது கூட்டாது, பக்கத்துல பக்கத்துல ஒட்டிரும். நான் பதறிப்போயி 'மூணைக் கழிச்சிருங்க மாமா'ன்னேன், கழிச்சாரு, 50ன்னு நிக்கி. ஏன்னா மைனஸ் போட்டா மட்டும் அது ஒழுங்கா நம்பரா மாத்திக்கிடும்! 'கூட்டத் தெரியல, கழிக்க மட்டும் தெரியுது, நம்ம சம்பந்தி மாதிரி'ன்னு சொல்லிட்டு மாமா காதுல சொருகியிருந்த பென்சிலை எடுத்தவருதான், நான் ராத்திரியே சரி பண்ணிக் குடுத்தும் இன்னும் கீழ வைக்கல.

கேள்வி (மேலப்பாளையம் வாசகி): நெல்லைன்னு மூணு எழுத்துதான அடிக்கேன், கம்ப்யூட்டரு எண்ணி ஆறுன்னு காட்டுதே?

கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் நம்பர் குடுத்து வச்சிருக்க முறைதான் யூனிகோடு. அதுல ந தனி, கொம்பு தனி, ல தனி, புள்ளி தனி, இன்னொரு ல, ஐகாரக் கொம்பு தனி. புரோட்டாவுக்கு ஒரு பில்லு, சால்னாவுக்கு ஒரு பில்லுன்னு போடுத கடை மாதிரி தாயி.

கேள்வி (டவுண் வாசகர்): 2038ல கம்ப்யூட்டரெல்லாம் நின்னுருமாமே?

எல்லாம் இல்ல. 1970லேர்ந்து விநாடிய 32 பிட்டுல, அதாவது 0, 1 மட்டும் போடுத 32 கட்டத்துக்குள்ள, எண்ணிக்கிட்டு வர்ற பழசுகளுக்குத்தான் கண்டம். ஜனவரி 19, நம்ம நேரத்துக்குக் காலையில 8 மணி 44 நிமிசம் 7 விநாடியோட மீட்டரு நெறையுது, அடுத்த விநாடி 1901 டிசம்பர்னு சொல்லும். 64 பிட்டுக்கு மாத்தினவன் தப்பிச்சான். மாமா பில்லைப் பென்சில்ல போட்டாலும் கடன் கணக்கு பழைய கம்ப்யூட்டர்லதான் கெடக்கு, அத மாத்தல. அவரு கடையில பாக்கி உள்ளவிய அன்னைக்கு 8:45க்குப் போயி நில்லுங்க, கடன் வாங்கின தேதிக்கு இன்னும் நூறு வருசத்துக்கு மேல கெடக்கும். செவ்வாய்க்கிழமை வேற, புதுசா கேட்டா மட்டும் தர மாட்டாரு.