மன அழுத்தத்தில் இருக்கும் என் 15 வயது மகள் இரண்டு முறை கவுன்சிலிங் போய்விட்டு இனி வரமாட்டேன் என்கிறாள். எப்படித் தொடர வைப்பது?

அவள் வரமாட்டேன் என்றதும் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். நீங்கள் கெஞ்சியிருப்பீர்கள், வீட்டில் ஒருவர் "செல்லம் கொடுத்தது போதும்" என்றிருப்பார், சொந்தத்தில் யாராவது மந்திரிக்கச் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் அங்கே பேசியது உங்கள் காதுக்கு வந்ததா?

நான் டாக்டர் இல்லை, மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். ஆனால் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் தங்கி பிளஸ் ஒன் படித்தபோது, இந்த விஷயத்துக்கு அலைந்தது நான்தான். பெற்றவர்கள் திண்டுக்கல்லில். இவன் பகலெல்லாம் தூங்குவான், சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவான். பெரியவர்களுக்குச் சோகமாக வருவது இந்த வயதில் எரிச்சலாகவும் வரும் என்று டாக்டர் சொன்னார்.

முதலில் பார்த்த கவுன்சிலரிடம் அவன் வாயைத் திறந்ததே பெரிய விஷயம். டாக்டருக்குப் படிக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் அன்றைக்கே அண்ணனுக்கு போன் போட்டு, நல்லது செய்வதாக நினைத்து, அதை ஒப்பித்துவிட்டார். இரவு எங்கள் வீட்டு ஹாலில் ஸ்பீக்கரில் அண்ணனின் சத்தம். பையன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான். "சித்தப்பா, அந்தாளு அப்பாவோட ஆளு. இனிமே வரமாட்டேன்." நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

அடுத்துப் பார்த்தவர் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். (பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை. சும்மா ஒரு சான்றிதழ் கோர்ஸ் முடித்தவர்களும் போர்டு மாட்டுகிறார்கள்.) அந்த மேடம் முதல் நாளே அண்ணன், நான், பையன் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது இவனைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ சொல்வேன், அதையும் முதலில் இவனிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். மார்க், காதல், சிகரெட் எதையும் என்னிடம் கேட்காதீர்கள் என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உடனே ஒருவர் கிளம்பி வருவார், "18 வயது ஆகாத பிள்ளை, பெற்றவர்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லையா" என்று. இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிறுவர்களுக்குப் பாதுகாவலர்தான் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் பிள்ளை சார்பாக நிற்பவர். பெற்றவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பிள்ளையை வைத்துக்கொண்டே முதலில் பேசி முடியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அங்கேயும் சில வாரத்தில் போகமாட்டேன் என்றான். நான் சரி என்றேன். "ஆனா பிடிக்கலைங்கிறதை நீயே போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வா." போனான். "எப்படி ஃபீல் பண்றேன்னு திரும்பத் திரும்பக் கேக்கிறதே எரிச்சலா இருக்கு" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லையாம். நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கப் போட்டுவிட்டு, வேறு எப்படிக் கேட்கலாம் என்று இவனிடமே யோசனை கேட்டாராம். இதெல்லாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவனாகச் சொன்னது. நான் ஒரு நாளும் "என்ன பேசினே" என்று கேட்டதில்லை. கிளினிக் இருக்கும் தெருவில்தான் அவன் நண்பர்களின் டியூஷன், அதனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடி ஏறுவான். திரும்பும்போது பருத்திப்பால் வாங்கிக் கொடுப்பேன். பேசினால் பேசுவான், இல்லாவிட்டால் இல்லை.

இங்கிலாந்தில் மனச்சோர்வுள்ள 465 பதின்வயதினரை வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று வகைச் சிகிச்சையில் எதுவும் மற்றதை மிஞ்சவில்லை. பாதியில் விட்டவர்களில் சிலரிடம் அப்போதே பேட்டி எடுத்து வைத்திருந்தார்கள். தேவையானது கிடைத்துவிட்டது என்று நின்றவர்கள் உண்டு, வீட்டுச் சூழல் நிலையில்லாமல் போய் நின்றவர்கள் உண்டு, சிகிச்சையே பிடிக்காமல் நின்றவர்களும் உண்டு. உங்கள் மகள் இரண்டாவது முறையிலேயே நின்றதைப் பார்த்தால் கடைசி வகையாகத்தான் தெரிகிறது. ஆளை மாற்றுவதற்கு முன்னால், அந்த ஆளிடமே பிடிக்காததைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அவள் அங்கே பேசியது உங்கள் காதுக்கு வந்தது என்றால் மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பேச்சே போதும் என்று நான் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம். இவனுக்கு மனநல டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். சாவைப் பற்றிப் பேசினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

நேரமும் முக்கியம். இவனுக்கு ஞாயிறு காலை கிடைத்தது, அதே நேரத்தில் நீட் கோச்சிங்கில் வாராந்திரத் தேர்வு. ஒரு தேர்வுக்கு வராவிட்டால் அப்பாவுக்கு மெசேஜ் போய்விடும். வருடத்துக்கு அவ்வளவு பணம் வாங்குகிறவர்கள், பையனுக்கு உடம்பு சரியில்லை என்றால் "மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வாங்க சார்" என்கிறார்கள். கொண்டு போனால் அந்தச் சீட்டை கிளார்க் சத்தமாகப் படிக்கிறார், வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு முன்னால். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் அந்தத் தேர்விலிருந்து விலக்குக் கிடைத்தது. கட்டிய பணம் திரும்பவில்லை, கவுன்சிலிங் செலவை அண்ணன் இன்றுவரை கேட்கவும் இல்லை. இதைப் படித்தால் படிக்கட்டும்.