மறுபடி எடுத்த புத்தகங்கள்: கேள்வி பதில்

மேற்கு மாம்பலத்தில் மாதக் கடைசி ஞாயிறு நாங்கள் பதினைந்து இருபது பேர் கூடிப் புத்தகம் பேசுவது வழக்கம். இந்தத் தடவை எல்லோரும் சீட்டில் கேள்வி எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் 31 வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். வேலைக்காகப் படித்தது போக ஆசைக்காகவும் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு புதிய புத்தகங்களை விடப் பழையவற்றை மறுபடி படிப்பதே அதிகமாகிவிட்டது. அன்று சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

*ஆதம்பாக்கத்திலிருந்து வரும் தம்பி: சமீபத்தில் மறுபடி படித்ததில் உங்களை ரொம்பப் பாதித்தது எது?*

அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973இல் வந்த சின்ன நாவல். ஒரே மூச்சில் முடித்துவிடலாம். கல்லூரிக் காலத்தில் படித்தபோது எனக்கு ஜமுனா மட்டும்தான் கண்ணில் பட்டாள். சினிமா ஆசையில் வந்து பாஸ்கர் ராவிடம் சிக்கிக்கொண்ட பெண். அவளுக்கு என்ன ஆகும் என்ற தவிப்பிலேயே பக்கங்களைத் தள்ளினேன். தெருவைத் தோண்டிப் போட்டிருப்பது, குழாயில் சாக்கடை கலந்து வருவது எல்லாம் பின்னணி என்று நினைத்தேன்.

2019 கோடையில் மறுபடி எடுத்தேன். அந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவுக்கு லாரி இரவு பன்னிரண்டுக்கு மேல்தான் வரும். வாசலில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தேன். என்னுடையது மஞ்சள் பிளாஸ்டிக் குடம், கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியது. லாரி வந்துவிட்டதா என்று ஒரு கண் தெருவில், ஒரு கண் பக்கத்தில்.

அப்போதுதான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். நாவலில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. வயதில் மிக மூத்த, ஓயாமல் இருமுகிற கணவர், வீட்டில் மாமியார், பள்ளிக்கூட வேலை, அதற்கு மேல் தண்ணீருக்கு அலைச்சல். தற்கொலைக்குத் துணிந்த ஜமுனாவிடம் அவர் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. தன் கதையைச் சொல்கிறார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். இருபது வயதில் அந்த இடம் எனக்கு வறட்சியாகத் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில், நள்ளிரவில், பக்கத்து வீட்டுப் பாட்டியின் குடத்தையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தபோது, இதைவிடப் பெரிய கருணை தமிழில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தாலும் கதாநாயகனையும் நாயகியையும் விட்டுவிட்டு, ஓரமாக நிற்கிற பெரியவர்களைத் தேடிப் போகிறேன்.

*பெரம்பூர், கல்லூரி மாணவி: படம் பார்த்துவிட்டு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். அதே மாதிரி வேறு என்ன படிக்கலாம்?*

அதே மாதிரி வேண்டாம் அம்மா. ஐந்து பாகம் முடித்த உங்களுக்குப் பொறுமை இருக்கிறது, அதை வேறு இடத்தில் செலவழியுங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' படியுங்கள். 1964இல் வந்தது. குமரி மாவட்டப் பனைவிளைகளுக்கு நடுவில் லிஸி என்ற பெண்ணின் கதை. இருநூறு பக்கம்கூட வராது.

கல்கியை மறுபடி படிக்கும்போது ஒன்று செய்யுங்கள். முதல் அத்தியாயத்தில் ஆடிப் பதினெட்டன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்து நிற்கிறானே, வீரநாராயண ஏரி, அதன் எழுபத்து நான்கு கணவாய்களை, அதாவது மதகுகளை, வியக்கிறானே, அதுதான் வீராணம். 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணப்பட்டு நம் ஊருக்குத் தண்ணீர் வருவது அங்கிருந்துதான். எனக்கு இது தெரிந்த அன்று அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். காலையில் குடித்த தண்ணீர் வேறு மாதிரி இனித்தது.

*நங்கநல்லூர், இரண்டு பிள்ளைகளின் தாய்: 'அம்மா வந்தாள்' படித்துவிட்டு மனசே ஆறவில்லை. ஒரு தாயை இப்படி எழுதலாமா?*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 1966இல் தி. ஜானகிராமன் இதை எழுதினார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு தாய்க்கு மனசு ஆறவில்லை என்றால் அந்த எழுத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. (படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள், கதையைச் சொல்லப் போகிறேன்.)

நானும் முதலில் அப்புவோடுதான் ஊருக்கு வந்தேன். காவிரிக் கரை வேதபாடசாலையில் பதினாறு வருடம் படித்துவிட்டு மதராஸுக்கு வருகிறான். வீட்டில் சிவசு என்ற பணக்காரர் வந்து போவதைப் பார்க்கிறான். தம்பி தங்கைகளின் முகத்தில் யார் சாயல் என்று புரிகிறது. அவனுக்கு வந்த அதே அருவருப்பு எனக்கும் வந்தது. அவன் அம்மா அலங்காரத்தம்மாளை நான் மன்னிக்கவில்லை.

இரண்டாவது தடவை படித்தபோது எனக்கும் இரண்டு பிள்ளைகள். அப்போது அலங்காரத்தம்மாளின் பக்கம் போய் நின்றேன். தன் பாவத்தைக் கரைக்க ஒரு பிள்ளையை வேதத்துக்குக் கொடுத்தவள். அந்தப் பிள்ளை ரிஷியாகித் தன்னை மீட்பான் என்று பதினாறு வருடம் காத்திருந்தவள். அவனோ தன்னை விரும்பும் இளம் விதவை இந்துவிடம் திரும்பிப் போகிறான். நீயும் கடைசியில் அம்மா பிள்ளையாகத்தான் இருக்கிறாய் என்று அவள் சொல்லிவிட்டுக் காசிக்குக் கிளம்புகிற இடத்தில், பேருந்தில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாவது தடவை போன வருடம். இந்தத் தடவை தண்டபாணி. அப்பா. எல்லாம் தெரிந்தவர், எதையும் கேட்காதவர். அவர் மௌனம் பலவீனமா, பெருந்தன்மையா, பழக்கமா? ஜானகிராமன் எதையும் தீர்த்துச் சொல்லவில்லை. வீட்டில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்து மெதுவாக நடந்து வருகிற ஒரு மனிதரை நான் கற்பனை செய்து பார்த்தேன். அந்தத் தெரு முழுவதும் அவர் எப்படிக் கடந்திருப்பார்? மூன்று தடவையும் ஒரே பிரதிதான், என் அடிக்கோடுகள்தான் வேறு வேறு இடத்தில்.

எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதலாம். அவர் அவளை எங்கேயும் கேவலப்படுத்தவில்லை. கம்பீரமாகவே நடக்கவிட்டிருக்கிறார். சிரமப்படுவது நாம்தான்.

*அம்பத்தூர், ஐடி ஊழியர்: 'புயலிலே ஒரு தோணி'யை மூன்று தடவை ஆரம்பித்து விட்டுவிட்டேன்.*

நானும் இரண்டு தடவை விட்டேன். ப. சிங்காரம் 1972இல் வெளியிட்ட நாவல். மொத்தமே இரண்டு நாவல்தான் எழுதினார். தொடக்கத்தில் இந்தோனேசியாவின் மெடான் நகரம், ஜப்பானியப் படை, மலாய்ச் சொற்கள், வட்டிக்கடைத் தமிழர் பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். எல்லாச் சொல்லுக்கும் பொருள் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். சந்தை நெரிசலில் நடப்பது போல அப்படியே போய்க்கொண்டிருங்கள். கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும்.

அப்படியும் முடியவில்லையா? தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடலைக் கடக்கும் பகுதிக்கு நேரே போய்விடுங்கள். புயல் அடிக்கும்போது வாக்கியங்களே ஆடும். அதைப் படித்தவர் நாயகன் பாண்டியனை விடமாட்டார், தானாக முதல் பக்கத்துக்குத் திரும்புவார். ஒரு பெரிய நாவலை நடுவிலிருந்து படித்தால் குற்றமில்லை.

*மயிலாப்பூர், ஓய்வு பெற்ற ஆசிரியை: அந்த நாளில் உருகி, இப்போது பிடிக்காமல் போன புத்தகம் உண்டா?*

உண்டு, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்'. பதினேழு வயதில் அரவிந்தன் இறந்தபோது சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த குடும்பங்கள் எத்தனையோ. உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்கள்.

இப்போது படித்தால் எல்லோரும் மேடையில் நின்று பேசுவது போலக் காதில் விழுகிறது. கோபமும் அளவாக, துக்கமும் அளவாக, எல்லாம் பொன்மொழியாக. ஆனால் அப்பாவை இழந்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றுகிற பூரணியை நான் தள்ளிவிடமாட்டேன். வேலைக்குப் போகத் துணிந்த என் தலைமுறைப் பெண்களில் சிலருக்கு முதல் தைரியம் அவளிடமிருந்துதான் வந்தது, எனக்கும்தான். அந்தக் கடனை நான் மறக்கவில்லை. மறுபடி படிக்கவும் மாட்டேன்.

*வேளச்சேரி, புதிதாகத் திருமணமானவர்: பெண்கள் எழுதியதில் ஒன்று சொல்லுங்கள், கதை போதும், நேரமில்லை.*

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. இதே பெயரில் 1988இல் தொகுப்பும் வந்தது. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு, மூலையில் சமையலறை, ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. வராந்தாவைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று மருமகள் மீனாட்சி யோசனை சொல்கிறாள். பதிலாக அங்கே துணி உலர்த்தக் கொடி கட்டிவிடுகிறார்கள். மலை மறைந்துபோகிறது. யாரும் அவளைத் திட்டவில்லை பாருங்கள். முதலில் நான் மீனாட்சியோடு பொருமினேன். இப்போது மாமியார் ஜீஜியைப் பார்க்கிறேன், அந்த மூலையை ராஜ்ஜியம் என்று நம்பி ஆயுளைக் கழித்தவரை. நீங்கள் இருவரும் சேர்ந்து படியுங்கள்.

*ராயபுரம்: நம் சென்னையை யார் நன்றாக எழுதியிருக்கிறார்கள்?*

பாரிமுனைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குப் புதுமைப்பித்தன்தான். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பிராட்வே முனையில் தொடங்குகிறது. டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், பஸ்ஸில் திருவல்லிக்கேணி போனால் வெற்றிலையா காப்பியா என்று ஒரு மனிதர் காலணாக் கணக்குப் போடுகிறார். மாதக் கடைசியில் நானும் அதே இடத்தில் அதே கணக்குப் போட்டிருக்கிறேன். அப்புறம் சினிமா உலகத்தைப் பளபளப்பு இல்லாமல் பார்க்க வேண்டுமானால் 'கரைந்த நிழல்கள்'. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்.

*குரோம்பேட்டை, பள்ளி மாணவர்: பழைய புத்தகம் எங்கே கிடைக்கும் ஆன்ட்டி?*

காசு கொடுத்து வாங்க, திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விடு. காசில்லாமல் படிக்க, எழும்பூரில் கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். வாங்கினால் கடைசிப் பக்கத்தில் தேதியும் இடமும் பென்சிலால் எழுதி வை.

*சூளைமேடு, சீட்டில் ஒரே வரி: உங்களால் மறுபடி படிக்க முடியாத புத்தகம்?*

'ஆரோக்கிய நிகேதனம்'. வங்காளத்தில் தாராசங்கர் பந்தோபாத்தியாய எழுதி, 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. த.நா. குமாரஸ்வாமி தமிழில் தந்தார். ஜீவன் மசாய் என்ற கிழ வைத்தியர் நாடியைத் தொட்டே மரணம் வரும் நாளைச் சொல்லிவிடுவார். ஊருக்குப் புதிதாக வந்த ஆங்கில மருத்துவர் பிரத்யோத்துக்கு அது கோபத்தை மூட்டும். நோயாளியை நம்பிக்கையிழக்க வைக்கலாமா என்று கேட்பான். இருபத்திரண்டு வயதில் நான் முழுக்க பிரத்யோத்தின் கட்சி.

எங்கள் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்த வருடம், மருத்துவமனைக்கு அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துப் போயிருந்தேன். காரணம் கேட்டால் தெரியாது, அலமாரியில் கைக்கு அகப்பட்டது. இளம் நர்ஸ் ஒரு பெண், இயந்திரம் எல்லாம் இருந்தும், இரண்டு விரலால் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அந்த அரை நிமிடம் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் பிடித்த கையை உடனே விடாமல், போர்வைக்குள் மெல்ல வைத்து, மேலே தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று மாலை, தன் மகன் வனவிஹாரியின் நாடியைப் பார்த்த ஜீவன் மசாயின் பகுதிக்கு வந்தேன். அவர் தகப்பனாக என்ன பட்டிருப்பார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

ஆறு வருடம் ஆகிறது. சீட்டெழுதியவர் அடுத்த மாதம் வந்தால் என் பிரதியைத் தருகிறேன், படியுங்கள். நடுவில் ஒரு பேருந்துச் சீட்டு இருக்கும். அதை மட்டும் அதே பக்கத்தில் விட்டுவையுங்கள்.